தவிர்க்க முடியாதது

முதல் நாள் தரையைத் தோண்டினேன்.
நாலடி ஆழம். ஒரு கல்கூடத் தட்டவில்லை.
மண்ணை நனைத்து விரலிடுக்கில் நாடாவாக இழுத்தால்
ஓரங்குலம் வந்து அறுந்தது.
படிவத்தில் எழுதினேன்: வண்டல், முதல் தரம்.
நகத்தில் ஒட்டியதைக் கால்சட்டையில் துடைத்தேன்.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

சேக்ரமென்டோவுக்கு மேற்கே
முந்நூற்றுப் பன்னிரண்டு ஏக்கர் குதிரைமசால்.
வயல் வயலாகவே இருக்கும் என்று
மாவட்டத்துக்கு எழுதிக்கொடுத்த ஒப்பந்தம்;
பதிலுக்கு வரியில் கொஞ்சம் தள்ளுபடி.
இனிப் புதுப்பிக்க வேண்டாம் என்று
டெல்ஃபினா அவிலாவின் அண்ணன் ஒரு தாளில் கையெழுத்திட்டான்.
கையெழுத்துக்குப் பிறகும் ஒன்பது வருஷம் ஓடும், சட்டம் அப்படி.
அந்த ஒன்பது வருஷமும் நிலத்துக்கு விஷயம் தெரியாது.
வருஷத்துக்கு ஏழு அறுப்பு.
அறுபத்து மூன்று முறை
வெட்ட வெட்டத் துளிர்த்திருக்கிறது.

அடுத்த வேலை பருந்து எண்ணுவது.
அர்ஜென்டினாவிலிருந்து ஏப்ரலில் வருகிறவை.
அறுக்கும் இயந்திரத்துக்குப் பின்னாலேயே நடக்கின்றன,
தினக்கூலிக்கு வந்தவை மாதிரி,
வளை திறந்துபோன எலிகளுக்காக.
தண்ணீர் பாய்ச்சும் எவரார்டோ சிலவற்றுக்குப் பெயர் வைத்திருந்தான்.
ஒன்று ‘நோட்டரி’.
கம்பத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் இறங்குமாம்.

பதினொன்று, என்றேன்.
பதினான்கு, என்றான், மண்வெட்டியில் சாய்ந்தபடி.
கண்ணில் பட்டதைத்தான் எழுத முடியும், என்றேன்.
அப்போ வியாழக்கிழமை வா.
வியாழனுக்கு பட்ஜெட் இல்லை.

இந்தப் பருந்துகளுக்கு இந்த வயல் வேண்டும்
என்று எழுதி அனுப்பினேன்.
சிவப்பு மையில் திரும்பி வந்தது.
‘வேண்டும்’ தரவு அல்ல.
வேண்டியிருக்கலாம், என்று மாற்றினேன்.
அதுவும் திரும்பி வந்தது.
பயன்படுத்தக்கூடும், என்ற இடத்தில்
எல்லாரும் சமாதானமானார்கள்.

ஈடு: ஏக்கருக்கு ஏக்கர்.
இருபது மைல் வடக்கே இன்னொரு வயலை
என்றைக்கும் வயலாகவே இருக்கும்படி
காசு கொடுத்துப் பூட்டிவிடுவது.
போய்ப் பார்த்தேன்.
அது ஏற்கெனவே வயல்தான்.
குதிரைமசால்தான். பருந்துகள்கூட இருந்தன.
இருந்தது இரண்டு, போகப்போவது ஒன்று,
மிச்சம் நிற்கும் ஒன்றை
வரவில் வைக்க வேண்டும்.
வைத்தேன். அட்டவணை அழகாக வந்தது.

விசாரணை இரவில் தலைக்கு மூன்று நிமிஷம்.
டெல்ஃபினாவின் முதல் நிமிஷம்
பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்வதில் போயிற்று.
பள்ளிப் பேருந்து ஓட்டும் பாங்யா ஷியாங் எழுந்து வந்தாள்.
காலை ஓட்டத்துக்கும் மாலை ஓட்டத்துக்கும் நடுவே
காரில் தூங்குகிறவள்;
வாடகை கட்டுபடியாகும் ஊர்
தொண்ணூறு நிமிஷத் தொலைவில்.
‘அந்தப் பறவைக்கு அர்ஜென்டினாவில் ஒரு வீடு இருக்கிறது.
எனக்கு இங்கேயும் இல்லை.’
யாரும் சிரிக்கவில்லை.
மடியில் இருந்த ஆயிரத்து நூறு பக்கங்களில்
அவளுக்கான பதிலைத் தேடினேன்.
கட்டப்போகும் வீடுகளின் விலையைத்தான் கண்டேன்.
அது அவளுக்கும் இல்லை.
எவரார்டோ வரவில்லை.
அன்றிரவு அவனுக்குத் தண்ணீர் முறை.

தீர்மானத்தின் வாசகம்:
விளைநில இழப்பு குறிப்பிடத்தக்கது,
தவிர்க்க முடியாதது.
முடியாதா முடியுமா என்பதற்குக்
கை தூக்கச் சொன்னார்கள்.
ஐந்து பேரில் நாலு பேர் தூக்கினார்கள்.

வியாழக்கிழமை போனேன்,
சம்பளமில்லாமல், சொந்தக் காரில்.
ஆரஞ்சு நாடா கட்டிய முளைகள் வரிசையாக நின்றன.
ஒரு முளையின் தலையில் நோட்டரி.
அறுப்பு முடியும்வரை நின்று எண்ணினேன்.
மதகடியில் குனிந்திருந்தவனிடம்
பதினான்கு, என்றேன்.

பதினைந்து,
என்றான், நிமிராமலே.